நீலக்காலன் கேட்ட செருப்பு

எழுத்தக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. பேய் கிடையாது என்பதில் பதினாறு வயதிலிருந்தே அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பேய் பேசுவதை மாதாமாதம் அழகாக எழுதிக்கொடுத்து அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதில் முப்பத்தேழு வயதிலிருந்து கூச்சமும் இல்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டவர்களிடம், "கொள்கை தலையில இருக்கு, பேய் கையில இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கழுத்து இருக்குல்ல" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு, இதெல்லாம் ஒரு பதிலா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். பிறகு நிப்பைக் கழுவிவிட்டு அடுத்த பக்கத்தை எடுப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு படக்கதை மாத இதழில். "நீலத் தொட்டி" என்று பெயர். கதையை ஒருவர் எழுதுவார். அவரைக் கதாசிரியர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். படத்தை வெளியூரிலிருந்து ஒருவர் வரைந்து அனுப்புவார். படத்தில் ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள், பேச்சு இருக்காது. அதன் மேல் ட்ரேசிங் தாளை ஒட்டி, ஒவ்வொரு வாய்க்கும் நேராக ஒரு பலூன் வரைந்து, அதற்குள் வசனத்தைக் கையால் எழுதுவது எழுத்தக்காவின் வேலை. இதழின் முதலாளி ஒரு முறை கம்ப்யூட்டர் எழுத்தில் போட்டுப் பார்த்தார். பேய் மின்கட்டண ரசீது மாதிரி பேசுகிறது என்று வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். மறுமாதமே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கணவர் பஸ் பணிமனையில் டயர் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவரிடம் அந்தக் கதையை எழுத்தக்கா எத்தனை தடவை சொன்னாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

பலூனில் ஒரு சட்டம் இருந்தது. உயிருள்ள மனிதர் பேசினால் வழவழப்பான முட்டை வடிவம். மனதுக்குள் நினைத்தால் மேகம். பேய் பேசினால் தண்ணீரில் அலையடிப்பது போல் நெளிந்த ஓரம், உள்ளே வால் தொங்கி நடுங்குகிற எழுத்து. இந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். பேய் இல்லை என்று மேடையேறிப் பேசுகிற ஒருத்தி, பேய்க்கென்று தனிக் கையெழுத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்பது பகுத்தறிவு மன்றத்துக்குத் தெரியும். தெரிந்தும் அவளைச் செயலாளராக வைத்திருந்தார்கள். மன்றம் ஒரு சைக்கிள் கடையின் மாடி. கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வருபவர்கள்.

கதை இதுதான். ஒரு சாயப் பட்டறை. அதில் வேலை செய்த ஒருவன் நீலச் சாயத் தொட்டியில் விழுந்து செத்துப்போனான். குடித்துவிட்டு விழுந்தான் என்று பட்டறை முதலாளி எழுதிக்கொடுத்துவிட்டார். தொட்டியைச் சுற்றித் தடுப்புக் கம்பி இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த முதலாளியின் மாளிகையில் ஈரமான நீலக் காலடிகள். வாசகர்கள் அவனுக்கு நீலக்காலன் என்று பெயர் வைத்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவன் நடந்துகொண்டே இருந்தான். முதலாளி பயந்துகொண்டே இருந்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இதில்தான் எழுத்தக்காவுக்கும் கதாசிரியருக்கும் ஓயாத சண்டை.

"ஒரு தொழிலாளி உயிரோட இருக்கறப்போ கேக்க முடியாத நியாயத்தை, செத்தப்புறம் வந்து கேக்குறான்னு பன்னிரண்டு வருஷமா எழுதுறீங்களே, வெக்கமா இல்லையா தம்பி? கம்பி போடாததுக்குக் கேஸ் போடச் சொல்லுங்க. காலடி போட்டு என்ன ஆகப்போவுது?"

"அக்கா, கேஸ் போட்டா ரெண்டு இதழ்ல கதை முடிஞ்சிடும்."

"கேஸ் ரெண்டு மாசத்துல முடியற ஊரு எதுன்னு சொல்லுங்க, நான் அங்கேயே குடிபோயிடுறேன்."

அடுத்த மாதம் வருகிற பக்கத்தில் காலடி இன்னும் இரண்டு கூடியிருக்கும்.

கதை நகராவிட்டாலும் வாசகர்களின் ஊகம் நகர்ந்துகொண்டே இருந்தது. பேயின் பேச்சுக்கு மை ஊற்றுகிறவள் இவள்தான் என்று தெரிந்துவிட்டதால் எழுத்தக்காவால் எங்கேயும் நிம்மதியாகப் போக முடியாது. பல் டாக்டர், வாய்க்குள் பஞ்சையும் கருவியையும் வைத்த பிறகுதான் ஆரம்பிப்பார். "நீலக்காலன் முதலாளி பொண்ணு உடம்புல புகுந்துடுவான், அதானே? ஆமான்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க." வலியில் கண் தானாகச் சிமிட்டிக்கொண்டது. மறுமாதம் அப்படி ஒன்றும் நடக்காததால், "என்னை இப்படி ஏமாத்திட்டீங்களேம்மா" என்று அடுத்த பல்லைக் கொஞ்சம் மனத்தாங்கலோடு பிடுங்கினார்.

அவரைவிட நாத்தனார் மோசம். கீழ் வீட்டில்தான் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற பிரிவில் வேலை. ஒரு விரிப்பின் நான்கு மூலைகளை நான்கு பெண்கள் பிடிப்பார்கள். மூலைக்கு ஒரு கட்சி. நீலக்காலன் பழிவாங்குவான், மன்னிப்பான், இன்னொரு பேயைக் கல்யாணம் செய்துகொள்வான் என்று மூன்று கட்சிகள். நாலாவது நாத்தனார். தனக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டேன் என்பது அவள் கட்சி.

"அண்ணி, எனக்கு மட்டும் சொல்லுங்க. அங்க எல்லாரும் என்னைப் பார்த்து, அண்ணி எழுத்து வேலையாம், இவளுக்கு ஒண்ணும் தெரியலையாம்னு கிண்டல் பண்றாங்க."

"எனக்கே தெரியாதும்மா. இந்த மாசப் பக்கம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். கதாசிரியருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் தெரியும்."

நாத்தனார் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ரகசியத்தை அண்ணி எப்படிக் காக்கிறாள் என்று அவளுக்கு ஒரே பெருமை.

நூற்று நாற்பத்து மூன்றாம் இதழில் அது நடந்தது. கடைசிப் பக்கம், கடைசிக் கட்டம். முதலாளி படுக்கையறையில் தனியாக இருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "என் செருப்பு எங்கே?" நீலக்காலன் செத்த அன்று தொட்டி ஓரத்தில் கிடந்த செருப்பை முதலாளி மறைத்துவிட்டார் என்பது பழைய கதை. ஆகவே வசனத்தில் புதுசு ஒன்றும் இல்லை. ஆனால் பலூன் வழவழவென்று முட்டை மாதிரி இருந்தது. எழுத்து நடுங்காமல் நிமிர்ந்து நின்றது.

இதழ் கடைக்கு வந்த மூன்றாம் நாள் நாத்தனார் படி ஏறி ஓடி வந்தாள்.

"அண்ணி! அவன் உயிரோட இருக்கான்!"

"யாரு?"

"நடிக்காதீங்க அண்ணி. மனுஷ பலூன் போட்டுட்டு யாருன்னு கேக்குறீங்க. அவன் சாகவே இல்ல. கூட வேலை செஞ்சவங்க அவனைத் தொட்டியிலிருந்து தூக்கி ஒளிச்சு வெச்சிருக்காங்க. மொதலாளி பொய் சொல்லிட்டாரு. பேய்க்கு எதுக்கு அண்ணி செருப்பு?"

எழுத்தக்கா இதழை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தன் கை நினைவுக்கு வரவில்லை. கதாசிரியர்தான் நினைவுக்கு வந்தார். பன்னிரண்டு வருடமாகத் தொண்டை கிழியப் பேசியது வீண் போகவில்லை, பேயை மனிதனாக்கிவிட்டார், அதையும் வாயால் சொல்லாமல் ஒரு கோட்டால் சொல்லியிருக்கிறார் என்று மனம் குளிர்ந்துபோனாள். கோட்டைப் போடுவது யார் என்ற சின்ன விஷயம் அந்தக் குளிர்ச்சியில் அடிபட்டுப் போனது.

இரண்டு வாரத்தில் கடிதங்கள் மூட்டையாக வந்தன. வாசகர்கள் பழைய இதழ்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஐம்பத்தேழாம் இதழில் நீலக்காலன் தாழ்ந்த வாசலைக் குனிந்து கடக்கிறான். பேய் ஏன் குனிய வேண்டும்? எண்பத்தெட்டில் ஜன்னல் கொக்கி கழன்றிருக்கிறது. நூற்றொன்றில் அவன் தும்முகிறான். சாயம் ஏறிய கால் சீக்கிரம் வெளுக்காது என்று ஒரு சலவைக்காரர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். எழுத்தக்கா எல்லாவற்றையும் படித்துத் தலை கால் புரியாமல் அலைந்தாள். மன்றத்தில் "ஒரு பேயின் மரணம்" என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேரம் பேசினாள். மக்கள் தாமாகவே சிந்திக்கத் தொடங்கிவிட்டார்கள், மூடநம்பிக்கையின் கோட்டையில் விரிசல் விழுந்துவிட்டது என்றெல்லாம் முழங்கினாள். மின்விசிறிக்காக வந்த இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

அந்த மிதப்போடுதான் அடுத்த மாதப் பக்கங்களை வாங்க அலுவலகம் போனாள். கதாசிரியர் முன்னறையில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, கடைசியில வழிக்கு வந்துட்டீங்க."

"எந்த வழிக்கு?" என்றார் கதாசிரியர். முகம் வெந்து போயிருந்தது. "என் கதையை நாசம் பண்ணினது யாருன்னு தேடிக்கிட்டிருக்கேன் அக்கா. அடுத்து ஒரு மந்திரவாதி வரான். பேயை பாட்டில்ல அடைக்கிறான். பன்னிரண்டு இதழுக்கு எழுதி வெச்சுட்டேன். இப்போ உயிரோட இருக்கிறவனை நான் எந்த பாட்டில்ல அடைக்கிறது?"

எழுத்தக்காவுக்கு மிதப்பு சட்டென்று இறங்கியது. பாட்டிலாலா, வேறு எதாலா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"வேற யாரு? ரப்பர் அண்ணன்தான்."

ரப்பர் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. எழுத்தக்கா தரும் தாளையும் படத்தையும் ஸ்கேன் செய்து ஒன்றாகச் சேர்த்து, பென்சில் கோடு, விரல் கறை, ஒட்டிக்கொண்ட முடி எல்லாவற்றையும் திரையில் துடைத்து அச்சுக்கு அனுப்புகிறவர். இருபது வருடமாக அதே நாற்காலி. கதையை ஒரு நாளும் படித்ததில்லை, அழுக்கைத்தான் படிப்பார். ஒரு முறை பட்டறை முதலாளியின் கன்னத்து மச்சத்தை அழுக்கென்று துடைத்துவிட்டார். மச்சம் இல்லாதவர் முதலாளியின் இரட்டைச் சகோதரர் என்று வாசகர்கள் மூன்று மாதம் ஊகித்துத் தள்ளினார்கள். அந்த மச்சம் இப்போது அவர் கழுத்துக்கு வந்துவிட்டது. நெளிந்த கோட்டைக் கை நடுங்கிய கோடு என்று நினைத்து அவர்தான் நேராக்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். துடைக்காத பிரதியை எடுத்துப் பார்க்கலாம் என்றால் அது இல்லை. கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது இதழ் முதலாளியே போட்ட உத்தரவு.

எழுத்தக்கா உள்ளே போனாள். ரப்பர் அண்ணன் திரையில் ஒரு தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களா செஞ்சீங்க?"

"நானாத்தான் இருக்கும்மா."

"இருக்கும்னா? செஞ்சீங்களா, இல்லையா?"

"ஒரு நாளைக்கு ஆயிரம் கோடு துடைக்கிறேன். எது ஞாபகம் இருக்கு? கண்ணும் முன்ன மாதிரி இல்ல." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "மொதலாளி இந்த மாசத்தோட போதும்னுட்டாரு. சின்னவளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. பார்ப்போம்."

"வாதாட மாட்டீங்களா அண்ணே?"

"என்னன்னு வாதாடுறது? நான் செய்யலைன்னு காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்லையேம்மா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குற்றம் சாட்டுகிறவன்தானே நிரூபிக்க வேண்டும் என்று முதலாளி அறைக்குப் போய்க் கத்தினாள். உழைப்பவன் தலையில் எதையும் கட்டிவிடலாம் என்ற திமிர் என்றாள். இருபது வருட நாற்காலியை ஒரு கோட்டுக்காகப் பிடுங்குகிறீர்களே என்றாள். நன்றாகத்தான் பேசினாள். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். வாசகர் கடிதப் பக்கத்துக்கான அறிவிப்பு. அதையும் அவள்தான் கையால் எழுதியாக வேண்டும். "சென்ற இதழின் கடைசிக் கட்டத்தில் வந்த பலூன், அச்சுக்குத் தயார் செய்யும் ஊழியரின் தவறு. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். நீலக்காலன் பேயேதான்."

"நாளைக்குக் காலையில குடுத்துடுங்கம்மா" என்றார் முதலாளி.

வீட்டில் மேசையில் உட்கார்ந்து தாளை விரித்து முதல் வரியை எழுதினாள். "ஊழியரின் தவறு" என்ற இடம் வந்ததும் நிப்பு நின்றது. ஸ்கேன் முடிந்ததும் ட்ரேசிங் தாள்கள் அவளிடமே திரும்பி வந்துவிடும். வேறு யாருக்கும் அவற்றால் உபயோகம் இல்லை. அவற்றைச் சுருட்டி பிளாஸ்டிக் குழாய்களில் அடைத்து பீரோவின் மேல் வைத்திருந்தாள். நூற்று நாற்பத்து மூன்றும் அங்கேதான் இருந்தது. குழாயைத் திறந்தால் நெளிந்த கோடா வழவழப்பான கோடா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் காட்டு, பார்க்கிறேன் என்று நிற்பவள் அவள். விபூதி வரவழைப்பவன் கையை எல்லார் முன்னாலும் திருப்பிப் பார்த்தவள். அப்படிப்பட்டவள் அன்று மதியம் பீரோவைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் திறந்தாள். அடுப்பைத் துடைத்தாள். சமையலறை டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். அந்தப் பொத்தான் விழுந்து நான்கு மாதமாகியிருந்தது.

வேலை முடிந்து வந்த கணவர் சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என்ன தப்பு பண்ணினே?"

"ஏங்க, பொத்தான் தெச்சா தப்பு பண்ணினேன்னு அர்த்தமா?"

"இல்ல. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

எழுத்தக்கா முக்காலியைப் போட்டு ஏறிக் குழாயை எடுத்தாள். கடைசித் தாளை உருவினாள். வழவழவென்று ஒரு முட்டை. அதற்குள் நிமிர்ந்து நிற்கிற மூன்று சொற்கள். எல்லாம் அவள் மை, அவள் கை. அடியில் காயாத மையை அவள் சுண்டுவிரல் தொட்ட தடம் கூட இருந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலில் பொடியாக ஒரு குறிப்பு: "ஆவி என்பது அச்சத்தின் நிழலே. இந்த வரியில் நிறுத்திக் கைதட்டலுக்குக் காத்திருக்கவும்."

எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மறுநாள் மன்றத்தில் பேச வேண்டிய உரையை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதியிருக்கிறாள். பேய் இல்லை, பேய் இல்லை என்று தலை சொல்லிக்கொண்டே இருந்ததில் கையும் அதை நம்பிவிட்டது. பன்னிரண்டு வருடமாக நடுவில் நின்று காவல் காத்த கழுத்து அன்று ஒரு நாள் தூங்கிவிட்டது. அந்த உரைக்குக் கைதட்டல் கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு மின்சாரம் இல்லாததால் மின்விசிறிக்காரர்கள் வரவில்லை.

முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கால் மணி நேரத்தில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்களை வேறு யாராவது மேடையில் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். ரப்பர் அண்ணனே ஒத்துக்கொண்டாரே. ஒரு தனிமனிதனைவிடக் கொள்கை பெரியதல்லவா? ஊரே பேய் இல்லை என்று நம்பத் தொடங்கியிருக்கும்போது அதைக் கெடுப்பது சமூகத் துரோகம் ஆகாதா? நான் ஒத்துக்கொண்டால் மந்திரவாதி வருவான், பாட்டில் வரும், பன்னிரண்டு இதழுக்கு மூடநம்பிக்கை கொடிகட்டிப் பறக்கும். சமுதாயத்துக்காக ஒருவர் கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன?

கடைசிக் காரணம் மனதில் வந்து நின்றபோதுதான் அந்தக் குரல் யாருடையது என்று அடையாளம் தெரிந்தது. தொட்டிக்குக் கம்பி போடாத முதலாளிக்குப் பன்னிரண்டு வருடமாக இதே மாதிரி வசனங்களைத்தான் வழவழப்பான பலூனில் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகம் போனாள். முதலாளியும் கதாசிரியரும் இருந்தார்கள். ரப்பர் அண்ணனையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள். அவர் ஏதோ இன்னொரு குற்றம் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எழுத்தக்கா தாளை மேசையில் விரித்தாள்.

"இது நான் போட்ட கோடு. அண்ணன் இதுல ஒரு புள்ளியைக் கூடத் தொடலை."

முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். ஓரத்துக் குறிப்பை வாய்விட்டுப் படித்தார். "நிறுத்திக் கைதட்டலுக்குக் காத்திருக்கவும்." யாரும் கைதட்டவில்லை.

"வேணும்னே போட்டீங்களா அக்கா?" என்று கேட்டார் கதாசிரியர். "என் கதையைத் திருத்தணும்னு?"

"அந்த அளவுக்குத் துணிச்சல் இருந்திருந்தா வேணும்னேதான் போட்டேன்னு சொல்லியிருப்பேன் தம்பி. கவனம் இல்லாம போட்டது."

"நேத்து வந்து என்கிட்ட அவ்வளவு கத்தினீங்களேம்மா" என்றார் முதலாளி. "உழைப்பவன் தலையில கட்டுறீங்கன்னு."

"கத்தினது சரிதான் சார். கட்டினது யாருங்கிறதுதான் மாறிப்போச்சு." புது அறிவிப்பை எடுத்து வைத்தாள். வீட்டிலேயே எழுதி வந்திருந்தாள். "சென்ற இதழின் கடைசிக் கட்டத்தில் வந்த பலூன், எழுத்து எழுதுபவளாகிய என் தவறு. வேறு எந்த ஊழியருக்கும் இதில் பங்கில்லை. நீலக்காலன் பேயேதான்." கடைசி வரியை எழுதும்போது கை மூன்று முறை நின்றது. மன்றத்தில் யாராவது இதைப் படித்தால் என்ன ஆகும் என்று நினைத்து நின்றதா, வெறும் வருத்தத்தில் நின்றதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதை அப்படியே போடுங்க. என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. அண்ணனை நிறுத்தினதை இப்பவே, எங்க முன்னாடி ரத்து பண்ணுங்க."

முதலாளி நடைமுறை தெரிந்தவர். இவளை அனுப்பினால் பேய் மறுபடியும் மின்கட்டண ரசீது மாதிரி பேசும். ரப்பர் அண்ணனைப் பார்த்து, "போய் வேலையைப் பாருங்க" என்றார். எழுத்தக்கா நகரவில்லை. முதலாளி பெருமூச்சு விட்டுவிட்டு, "தப்பா சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

ரப்பர் அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அறிவிப்பு வெளியானது. எழுத்தக்கா வசவுக்குத் தயாராக இருந்தாள். பன்னிரண்டு வருடத்துப் பெயர் போனது போனதுதான், இனி பல் டாக்டர் மரப்பு ஊசி போடாமலே பல்லைப் பிடுங்குவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாத்தனார் வந்தாள். வந்ததும் எழுத்தக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"உங்களை மிரட்டி எழுதி வாங்கிட்டாங்களா அண்ணி?"

"யாரும் மிரட்டலை. தப்பு என்னோடதுதான்."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க. எங்களுக்குத் தெரியும். பட்டறை மொதலாளியும் இப்படித்தானே பொய்யா எழுதிக் குடுத்தாரு! மூணு மூலையும் இப்போ என் பக்கம் வந்துட்டாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து மட்டும் நாப்பது பேர் கையெழுத்து போட்டு அனுப்புறோம்."

"நான் தாளைக் காட்டுறேன் வா. என் கை, என் மை. பார்த்துட்டுப் பேசு."

நாத்தனார் தாளைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். "பாருங்க அண்ணி, எவ்வளவு உறுதியா போட்டிருக்கீங்க! இது தப்பா வர்ற கோடா?"

எழுத்தக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாமியார்களையும் சோதிடர்களையும் எதிர்த்து முப்பது வருடம் வாதாடியிருக்கிறாள். கண்முன் ஆதாரத்தை விரித்தாலும் நம்பாதவர்களை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்கள் எல்லாரும் பேய் உண்டு என்று நம்பியவர்கள். பேய் இல்லை என்பதை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற கூட்டத்தை அன்றுதான் பார்த்தாள். அந்தக் கூட்டத்தைத் திரட்டியதே தான்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தாள். திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

மூட்டைகள் முன்பைவிடக் கனமாக வந்தன. முதலாளி இரண்டை மட்டும் பிரித்துப் படித்துவிட்டுக் கதாசிரியரைக் கூப்பிட்டு, "உயிரோடவே இருக்கட்டும்" என்றார். மந்திரவாதி பாட்டிலோடு குப்பைக்கூடைக்குப் போனான். மூன்றாம் நாள் கதாசிரியர் எழுத்தக்காவின் வீட்டுக்கே வந்து மேசைக்கு முன்னால் நின்று, "கேஸ் போடணும்னா மொதல்ல எங்க போவாங்க அக்கா?" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

மாதக் கடைசியில் பக்கங்களைக் கொடுக்கப் போனபோது, ரப்பர் அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். மேசையில் பழைய "நீலத் தொட்டி" இதழ்கள் அடுக்கியிருந்தன. அறுபதாவது இதழைப் பிரித்து வைத்திருந்தார். அழுக்கைத் தேடுகிற கண்ணாக இல்லை, படிக்கிற கண்ணாக இருந்தது.

"என்ன அண்ணே, புதுப் பழக்கம்?"

"பஸ் ஸ்டாப்புல நாலு பேரு தினமும் டீ வாங்கித் தராங்கம்மா. கதையைப் பத்திப் பேச்சு கொடுக்குறாங்க. ஒண்ணும் தெரியாம உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?"

"உங்களுக்கு எதுக்கு டீ?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "என்னை நிறுத்தின சங்கதி எப்படியோ வெளிய போயிடுச்சு. உண்மையை வெளிய கொண்டாந்ததே நான்தான்னு நம்புறாங்க. மொதலாளிக்குத் தெரியாம அலையை நேராக்கி, அவன் உயிரோட இருக்கான்னு ஊருக்குக் காட்டிக்குடுத்தேனாம். நீங்க என்னைக் காப்பாத்தப் பழியை ஏத்துக்கிட்டீங்களாம்."

"அண்ணே! நான் செய்யலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மொத நாளே சொல்லிட்டேன்மா. ரெண்டாவது நாளும் சொன்னேன். எவ்வளவு அடக்கமான மனுஷன்னு சொல்லி, கூட ஒரு பன்னு வாங்கிக் கொடுத்துட்டாங்க."

எழுத்தக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரே ஒரு தவறை நெஞ்சைத் திறந்து ஒத்துக்கொண்டாள். அதற்கு அவளுக்கு வசவும் கிடைக்கவில்லை, பன்னும் கிடைக்கவில்லை. சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"நாளைக்கு பஸ் ஸ்டாப்புக்கு நானும் வரேன்" என்றாள். "அவங்க முன்னாடி வெச்சு நான் சொல்றேன்."

"வாங்கம்மா. ஆனா சீக்கிரம் வாங்க. எட்டரைக்கெல்லாம் பன்னு தீர்ந்துடும்" என்று சொல்லிவிட்டு, ரப்பர் அண்ணன் அவள் கொண்டுவந்த தாளை வாங்கி ஸ்கேனர் கண்ணாடி மேல் பார்த்துப் பார்த்துப் படிய வைத்தார்.